அந்த வாசகர் கேட்ட கேள்விய எங்க அம்மாவும் கேட்டாங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க வாசகர் பக்கத்துல வந்த ஒரு கடிதத்த நான் ரெண்டு மூணு தரம் படிச்சேன். 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்த ஆரம்பிச்ச சகோதரர் டி.ஜி.எஸ். தினகரன் ஊர் ஊரா போயி நோயாளிங்களுக்கு ஜெபம் பண்ணினாரு, ஆனா அவரே நோயாளியா தான் செத்தாரு, பெத்த மகளையே காப்பாத்த முடியல, இப்படிப்பட்ட ஆளுங்கள நம்பி மலையகத்து ஜனங்க ஏமாந்து போறாங்கன்னு அந்த வாசகர் எழுதியிருந்தாரு. அவர் மேல எனக்கு கோவம் இல்ல ஐயா. ஜெபம் பண்ணியும் ஏன் நடக்கலங்கிற கேள்விய எங்க அம்மா 1985லயே கேட்டவங்க, அதுவும் பேப்பர்ல இல்ல, அடுப்புக்கு முன்னால தரையில உக்காந்து கேட்டவங்க. அந்தக் கேள்விக்கு அம்மாவுக்கு எங்கிருந்து ஆறுதல் வந்திச்சின்னு சொல்லத்தான் இத எழுதுறேன்.

நாங்க இலங்கை மலையகத்துல அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுக்கிறவங்க, அப்பா தேயிலை ஸ்டோர்ல, அதாவது ஃபேக்டரியில, வேலை. அம்மாவோட அண்ணன், எங்க பெரிய மாமா, சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்குப் போனவரு. 1964ல போட்ட அந்த ஒப்பந்தத்துல இங்க இருந்த இந்திய வம்சாவளி ஜனங்கள்ல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கணும்னு எழுதி வச்சாங்கல்ல, அதுல எங்க மாமா குடும்பமும் ஒண்ணு, போயி கோத்தகிரியில மறுபடியும் தேயிலை மலையில தான் வேலை கிடைச்சிச்சி. அந்த மாமா தான் மாசா மாசம் 'இயேசு அழைக்கிறார்' பத்திரிகைய தபால்ல அனுப்புவாரு, ஒரு தரம் ஊருக்கு வந்து போன ஒருத்தர்கிட்ட தினகரன் ஐயா ஜெபம் பண்ற ரெண்டு கேசட்டும் குடுத்து விட்டாரு. அப்ப லயத்துல, தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற வரிசை வீட்டுல, கரண்ட் கிடையாது. பக்கத்து காம்பராவுல ஒரு கேசட் ரேடியோ இருந்திச்சி, பெட்டரி இறங்கினா வெயில்ல காய வச்சி, வெயில் இல்லாத நாள்ல அடுப்பு மேல வச்சி சூடு காட்டி போடுவோம், கேசட்ட முன்னாடி சுத்த பெட்டரி செலவாகும்னு பென்சில விட்டு கையால சுத்துவேன். அந்தக் குரல் அழுதுகிட்டே ஜெபிக்கிறப்ப லயமே அமைதியாயிடும். மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டு அம்மா கூட வாசல்ல வந்து நின்னு கேப்பாங்க, யாரும் யாரையும் மதம் மாறச் சொன்னதில்ல. அவரு பேசினது திருநெல்வேலி தமிழ். எங்க பாட்டி அதக் கேட்டா எங்க அப்பன் பேசுற மாதிரியே இருக்குன்னு சொல்லும். கப்பல்ல வந்து, காட்டு வழியா நடந்து, எத்தனையோ பேர் வழியிலயே செத்து, இருநூறு வருஷமா இந்த மலையிலயே கிடக்கிற ஜனத்துக்கு சொந்த ஊர்ப் பேச்சுல ஒருத்தர் உன் கண்ணீர கடவுள் பாக்குறாருன்னு சொல்றது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சி பாருங்க.

1985 கடைசியில என் தம்பிக்கு காய்ச்சல் வந்திச்சி. அவனுக்கு ஆறு வயசு, எனக்கு பன்னெண்டு. தோட்டத்து டிஸ்பென்சரியில மருந்து குடுத்தாங்க, குறையல, கொழுந்து லொறியில ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம், மூளைக் காய்ச்சல்னு சொன்னாங்க. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. என்னை உக்கார வச்சி ஒரு நீல ஏரோகிராம்ல மெட்ராசுக்கு, தினகரன் ஐயாவுக்கு லெட்டர் எழுதச் சொன்னாங்க, எங்க மகனுக்காக ஜெபம் பண்ணுங்க ஐயா அப்படின்னு. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன், கடைசியில இடம் பத்தாம ஓரத்துல எல்லாம் சுத்தி சுத்தி எழுதினேன். கொழுந்து கறை பிடிச்ச விரலால அம்மா அத ஒட்டினதுல ஓரமெல்லாம் கறுப்பா இருந்திச்சி.

எட்டாம் நாள் தம்பி போயிட்டான்.

அவன அடக்கம் பண்ணி ரெண்டு வாரம் கழிச்சி தோட்டத்து ஆபீசுக்கு மெட்ராஸ்ல இருந்து பதில் வந்திச்சி. அம்மா வாங்கி பிரிக்காமயே தகரப் பெட்டிக்குள்ள போட்டுட்டாங்க. அன்னையில இருந்து கேசட் போடல, சபைக்கும் போகல. அதுக்கு இன்னொரு காரணமும் இருந்திச்சி. சாவு வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்த ஒரு பாஸ்டர், பேர் வேணாம், அம்மாகிட்ட உங்களுக்கு விசுவாசம் பத்தல, அதான் புள்ள பொழைக்கலன்னு சொல்லிட்டு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனாரு. நாப்பது வருஷமாச்சி ஐயா, அந்த வார்த்தைய எழுதுறப்ப இப்பவும் கை நடுங்குது. பெத்தவ ஒருத்தி, ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வாட்டு வராந்தாவுல சிமெண்டு தரையில முழங்கால்ல இருந்தவ, அவகிட்ட சொல்ற வார்த்தையா அது.

அடுத்த வருஷம், 1986ல, மாமாகிட்ட இருந்து லெட்டர் வந்திச்சி. தினகரன் ஐயாவோட மகள் ஏஞ்சல் ரோட்டு விபத்துல இறந்துட்டாங்கன்னு எழுதியிருந்தாரு. நான் தான் சத்தமா வாசிச்சேன். அம்மா ரொட்டி தட்டிக்கிட்டு இருந்தாங்க, மாவு கையோட அப்படியே நின்னாங்க. "அவருக்குமா?" இவ்வளவு தான் கேட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சி, "அவரு சம்சாரம் எப்படி தாங்குறாங்களோ"ன்னு சொல்லி அழுதாங்க. தம்பி செத்த நாள்ல இருந்து அம்மா அழுது நான் பாத்ததே அன்னைக்குத் தான். அழுது முடிச்சி கையக் கழுவிட்டு வந்து, தகரப் பெட்டியில பிரிக்காம கிடந்த அந்த மெட்ராஸ் லெட்டர எடுத்து வாசி புள்ளன்னு சொன்னாங்க. அதுல இருந்தத நான் இங்க எழுதப் போறதில்ல, அது எங்க அம்மாவுக்கு வந்த லெட்டர். ஆனா அன்னைக்கு ராத்திரி எங்க அம்மா மறுபடியும் முழங்கால் போட்டாங்க, முதல் ஜெபம் தனக்காக இல்ல, மெட்ராஸ்ல மகள பறிகொடுத்த அந்த அம்மாவுக்காக. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தோட்டத்துப் பொம்பள, ஊரெல்லாம் அறிஞ்ச ஊழியக்காரர் குடும்பத்துக்காக அழுது ஜெபிச்சது, எனக்கு விசுவாசம்னா என்னன்னு புரிஞ்ச ராத்திரி அது தான்.

அதனால அந்த வாசகருக்கு நான் சொல்றது இது தான். மகள காப்பாத்த முடியலன்னு நீங்க எத குறையா சொல்றீங்களோ, அந்த விஷயம் தான் எங்கள அவர்கிட்ட சேர்த்திச்சி. அவருக்கு மட்டும் ஒண்ணும் நடக்காம, வீட்டுல எல்லாரும் சுகமா இருந்து, எங்க புள்ள மட்டும் செத்திருந்தா அந்த பாஸ்டர் சொன்னது சரின்னு அம்மா நம்பியிருப்பாங்க. மகள அடக்கம் பண்ணின பிறகும் அந்த மனுசன் மேடையேறி மத்தவங்க புள்ளைங்களுக்காக ஜெபம் பண்ணினாரு, அதே 1986ல தான் கோயம்புத்தூர் பக்கத்துல காருண்யா காலேஜும் ஆரம்பிச்சாங்க. 2008 பெப்ரவரி 20ஆம் தேதி, 72 வயசுல, சென்னையில அவரு இறந்தப்ப அவரும் பல வருஷம் நோயோட இருந்தவரு தான். வேதத்துல அப்போஸ்தலன் பவுலுக்கே உடம்புல முள்ளு மாதிரி ஒரு வேதனை இருந்திச்சி, மூணு தரம் கடவுள்கிட்ட கேட்டும் எடுக்கப்படல. செத்துப்போன சிநேகிதன் லாசருவோட கல்லறைக்கு முன்னால இயேசுவே அழுதாரு. சுகம் கிடைக்கலன்னா ஜெபம் பொய்யின்னு ஆயிடாது.

அவரு சொன்ன எல்லாத்தையும் நான் அப்படியே ஏத்துக்கிட்டவ இல்ல. அவரு சொன்ன தரிசனங்கள் எனக்கு விளங்காத விஷயம், அந்த ஊழியத்துல காசு புழங்குறத பத்தி கேள்வி கேக்குறவங்க இருக்காங்க, அந்தக் கேள்விய கேக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. அதோட எங்க மலையில ஆஸ்பத்திரிக்கு போகாத, மாத்திரை போடாத, ஜெபம் போதும்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, அந்த விஷயத்துல நான் வாசகர் பக்கம் தான். யாருக்காவது காய்ச்சல்னு என்னை ஜெபம் பண்ண கூப்பிட்டா நான் முதல்ல ஆட்டோவுக்கு போன் பண்ணுவேன், ஜெபம் ஆட்டோவுக்குள்ள தான்.

அவரோட சாட்சியில எனக்கு இன்னைக்கும் உதவுற இன்னொண்ணு இருக்கு. இருபது வயசு வாக்குல, 1955ல, வேலை கிடைக்காத விரக்தியில உயிர விடலாம்னு ரயில் தண்டவாளத்துக்கு கிளம்பினவரு அவரு. வழியில அவரோட சித்தப்பாவோ மாமாவோ ஒரு பெரியவர் புடிச்சி நிறுத்தி பேசினதுல தான் அவரு வாழ்க்கை மாறிச்சி, அப்புறம் பேங்க் உத்தியோகம், ஊழியம் எல்லாம். எங்க லயத்துக்கு கீழ தான் பதுளை ரயில் போகுது. ஓ/எல் பரீட்சை ரிசல்ட் வர்ற நேரம் வந்தா நான் ஞாயிறு வகுப்புல இந்தக் கதைய சொல்லாம விடுறதே இல்ல, சொல்லிட்டு ஃபெயிலான புள்ளைங்க வீட்டுக்கு நானே போவேன், அந்தப் பெரியவர் மாதிரி வழியில நிக்கணும்ல.

2014 அக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில மலை சரிஞ்சி லயங்கள் மண்ணுக்குள்ள போனப்ப எங்க சபைப் பொம்பளைங்க போனோம், அம்மாவும் வருவேன்னு பிடிவாதமா வந்தாங்க. ஸ்கூல்ல தங்க வச்சிருந்த ஜனங்க மத்தியில ஒரு தாய் வெறிச்சி பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. எங்கள்ல ஒருத்தி வேத வசனம் சொல்ல வாயத் தொறந்தா, அம்மா அவ கையப் புடிச்சி நிறுத்திட்டாங்க. அம்மா அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து, அவ தலைமுடியில ஒட்டியிருந்த காய்ஞ்ச மண்ண விரலால கொஞ்சம் கொஞ்சமா உதிர்த்து எடுத்தாங்க, ஒரு வார்த்தை பேசல, சாயங்காலம் வரைக்கும்.

அம்மா இப்ப இல்ல. நீங்க இத பிரசுரிச்சா மலையகத்துல ஊழியம் செய்ற பாஸ்டர்மார் யாராவது வாசிப்பாங்க. அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். சாவு வீட்டுக்குப் போங்க, கட்டாயம் போங்க, ஆனா விசுவாசம் பத்தலங்கிற அந்த வார்த்தைய மட்டும் எந்தத் தாய்கிட்டயும் சொல்லாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அப்புத்தளை