பிள்ளையார்பாளையத்துக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணன், அண்ணி, ஆயா, பாவு பிணைத்துக் கொடுத்த அக்காமார் இருவர், சாயக்கார ஐயா, அட்டை அடித்துக் கொடுத்த தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களின் நெசவுகளைக் காட்சிக்கு வைத்தார்கள். நம் சேலை கூடத்தின் நடுவே மூங்கில் கழியில் தொங்கியது. வந்தவர்கள் சேலையின் உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஆனால் பக்கத்தில் வைத்த அட்டையில் என் ஒருத்தி பெயர்தான் இருந்தது. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. மறுநாள் காலை வேறு அட்டை எழுதி வைத்தேன். உங்கள் ஏழு பேர் பெயரும், யார் என்ன வேலை செய்தீர்கள் என்பதும் அதில் இருக்கிறது. பொதுவில் எழுதும்போது பெயர் வேண்டாம் என்று அண்ணி கேட்டுக்கொண்டதால் இந்த மடலில் முறை சொல்லி மட்டும் கூப்பிடுகிறேன். நன்றியையாவது நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

நான் வாலாஜாபாத்தில் வளர்ந்தவள். பாலாறு என்றால் எனக்கு மணல். 2021 நவம்பரில்தான் அதில் இரு கரை தொட்டு வெள்ளம் ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். தண்ணீர் வடிந்த பிறகு மணலில் வரிவரியாகவும் சுழிசுழியாகவும் தடம் கிடந்தது. அதை நோட்டில் வரைந்து வைத்திருந்தேன். பாலாற்றுத் தண்ணீரில் அலசினால்தான் காஞ்சிப் பட்டுக்கு மினுக்கு வரும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஆற்றையே ஒரு சேலையாக்க வேண்டும், உடல் மணலாகவும் கரை தண்ணீராகவும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பட்டுக்கு என்னிடம் காசு இல்லை. மணலுக்குப் பட்டின் பளபளப்பும் வேண்டாம் என்று தோன்றியது. அப்படித்தான் 80ஆம் நம்பர் மெல்லிய பருத்தி நூலில், உடலையும் கரையையும் தனித்தனி நூலால் நெய்து கோக்கும் கோர்வைச் சேலை என்று எழுதிக்கொண்டு, காஞ்சிபுரத்து நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் உங்கள் தெருவுக்கு வந்தேன்.

சாயக்கார ஐயா, எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தியதால் எம்.எஸ். நீலம் என்று பேர் வாங்கிய நிறத்தைத்தான் நான் கேட்டேன். நீங்கள் மறுத்துப் பேசவில்லை. ஒரு பட்டு நூல் கழியையும் ஒரு பருத்திக் கழியையும் வாசல் வெயிலில் சேர்த்துப் பிடித்துக் காட்டினீர்கள். பட்டிழையின் குறுக்குவெட்டு முக்கோணமாக இருப்பதால் ஒளியைத் திருப்பி அனுப்பும் என்று வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். அந்த நீலத்தின் பாதி அழகு பட்டினுடையது என்பது உங்கள் வாசலில்தான் புரிந்தது. பிறகு நீலச் சாயம் தரும் திண்டிவனம் பக்கத்து அவுரியில் சாயத் தொட்டி போட்டீர்கள். முக்கி எடுத்த நூல் மஞ்சள் கலந்த பச்சையாக வெளியே வரும். காற்றுப் பட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகும். ஏழு முறை முக்கினீர்கள். ஏழு முறையும் நான் பக்கத்திலேயே நின்றேன். ஐந்தாவது முறையோடு போதும் என்று நான் சொன்னதைக் கேட்காமல் விட்டதற்கு உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

தம்பி, வயதில் நீ எனக்கு இளையவன். என் வரைபடத்தைப் பார்த்த நிமிடமே, "அக்கா, சுழி முட்டை மாதிரி வரும்" என்று சொன்னாயே! நான் சதுரக் கட்டத் தாளில் வரைந்திருந்தேன். நம் சேலையில் அங்குலத்துக்கு நீளவாக்கு நூலான பாவு 72 இழை, குறுக்குவாக்கு நூலான ஊடை 66. கட்டத்தை அப்படியே இழையாக்கினால் உருவம் நூற்றுக்கு ஒன்பது பங்கு உயரத்தில் நீண்டுவிடும். நான்கு வருடம் படித்த எனக்கு அது தோன்றவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, உன் கணினியில் கட்டங்களை மாற்றிப் போட்டு, தறியின் மேலே பாவு இழைகளைத் தூக்கும் 240 கொக்கிப் பெட்டிக்குப் பொருந்தும்படி துளை அட்டை அடித்துக் கொடுத்தாய். கரையில் இருக்கும் சுழிகள் வட்டமாக இருப்பது உன்னால்தான்.

அடுத்து நடந்ததை எழுதத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

உடலுக்குச் சாயம் போடாத கோரா நூல்தான் வேண்டும், மணல் நிறம் அதிலேயே இருக்கிறது என்று பிடிவாதம் பிடித்தது நான். மாதிரிக்கென்று சிறிய பாவு ஓட்டினோம். விடியற்காலையில் தெருவில் நீட்டி, கஞ்சி கொடுத்து, தறிக்குக் கொண்டுவந்தோம். அக்காமார் இருவரும் தரையில் உட்கார்ந்து, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்தீர்கள். 46 அங்குல அகலத்துக்கு 3312 இழை. சாம்பலைத் தொட்டுக்கொண்டு விரலால் ஒரு முறுக்கு முறுக்கினால், முடிச்சே இல்லாமல் இரண்டு இழையும் ஒன்றாகிவிடுகிறது. எத்தனை முறை பார்த்தும் அந்த விரல் அசைவை என்னால் பிடிக்க முடியவில்லை.

ஒன்பது நாள் நெய்து, அறுத்து, ஆயா அதைக் கல்லில் அலசிக் கொடியில் போட்டார்கள். காய்ந்தபோது கரை முழுக்க அலை அலையாக நெளிந்து நின்றது. கரை நூலை ஐயா வேகவைத்து ஏழு முறை நனைத்திருந்தார், அது சுருங்க வேண்டிய அளவு முன்பே சுருங்கிவிட்டது. கோரா நூல் நன்றாக நனைந்ததே இல்லை, முதல் அலசலில்தான் இறுகியது. உடல் சுருங்க, கரை அப்படியே நிற்க, துணி கோணிப்போனது. கொடியில் பார்த்ததும் காரணத்தைச் சொன்னவர் அண்ணி. மொத்தக் கோரா நூலையும் வேகவைத்து அலசிக் காயவைத்து, பாவை முதலிலிருந்து ஓட்டினோம். அக்காமார் திரும்பவும் வந்து உட்கார்ந்தீர்கள். என் ஒரு சேலைக்காக இரண்டு தடவையில் 6624 இழை. என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

அண்ணா, உங்களுக்குச் சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நாளுக்குக் கூலி இல்லை. நூல் விஷயத்தில் நான் செய்த தவறால் உங்கள் வீட்டில் ஒன்பது நாள் சம்பாத்தியம் போனது. கொண்டுவந்த பணத்தை நீட்டியபோது, எண்ணிப் பார்த்து மாதிரிக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை ஆயா கையால் என் பைக்குள் வைக்கச் சொன்னீர்கள். எங்கள் திட்டச் செலவுப் படிவத்தில் நூல், சாயம், அட்டை, நெசவுக்கூலி என்று நான்கு கட்டம்தான் உண்டு. என் அறிக்கையில் 'தவறிப்போன மாதிரிக்கான நாட்கூலி' என்று ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, ஏன் போட்டேன் என்பதையும் எழுதியிருக்கிறேன். அடுத்த வருடம் தறி தேடி வரும் என் ஜூனியர்கள் அதை முன்கூட்டியே ஒதுக்கிக்கொண்டு வர வேண்டும். மாணவர் கற்றுக்கொள்வதற்கு நெசவாளி வீட்டுக் காசு செலவாகக் கூடாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அண்ணி, உங்களைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. கோர்வைக்கு ஊடை நூலை ஏந்தி ஓடும் நாடா மூன்று வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். கயிறு இழுத்து நாடாவை ஓடவிடும் வேகம் இதில் கிடையாது, கையால்தான் எறிய வேண்டும். இரண்டு நாடா அண்ணன் கையில், வலப்பக்கக் கரை உங்கள் கையில். ஐந்தரை மீட்டர் என்றால் ஏறக்குறைய 216 அங்குலம். அங்குலத்துக்கு 66 என்று போட்டால் 14,256 ஊடை. அத்தனை தடவையும் வலது கரையைக் கோத்தது நீங்கள், அதுவும் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து. கூலிச் சீட்டில் ஒரு பெயர்தான் வருகிறது என்பதை நீங்கள் குறையாகக்கூடச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், அது குறைதான். அண்ணன் சிறுவயதில் பள்ளிக்கூடம் போகாமல் தன் அப்பாவுக்காக உட்கார்ந்த இடமும் அதே வலப்பக்கம்தான். பத்தாவது படிக்கும் உங்கள் மகளை இருவரும் ஒரு நாள்கூட அங்கே உட்கார வைத்து நான் பார்த்ததில்லை.

ஐப்பசி மழையில், தறியின் கீழே கால் மிதிக்கும் தறிக்குழியில் தண்ணீர் ஊறிப் பன்னிரண்டு நாள் வேலை நின்றது. குடத்தால் இறைத்துப் போட்டு, குழி ஈரம் காயும் முன்பே உட்கார்ந்து என் தேதிக்கு முடித்துக் கொடுத்தீர்கள்.

பழைய கரை மாதிரிகளைப் பொறுமையாக எடுத்துக் காட்டிய காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்தாருக்கும், வாரா வாரம் என்னோடு பேருந்தில் வந்து படம் எடுத்த தோழிக்கும், தேதியை இரண்டு முறை தள்ளிக்கொடுத்த பேராசிரியருக்கும் என் நன்றி.

பாவில் இரண்டாவது சேலைக்கு நூல் மிச்சம் இருக்கிறது. அது உங்களுடையது, அண்ணா. அட்டையையும் வரைபடத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறத்தில் வேண்டுமோ நெய்து விற்றுக்கொள்ளுங்கள், என்னைக் கேட்க வேண்டியதில்லை.

ஆயா, நாடாவுக்குள் வைக்கும் தாரில் ராட்டையால் நூல் சுற்றச் சொல்லித் தருகிறேன் என்றீர்களே, என் கையில் நூல் அறுந்துகொண்டே இருந்ததால் பாதியில் நின்றுவிட்டது. தேர்வு முடிந்த மறுநாள் காலை முதல் பேருந்தில் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாலாஜாபாத்துப் பெண்