ஒரு பில், மூன்று பிரிண்ட்: சி ஷார்ப் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளில் சி ஷார்ப் (C#) என்ற புரோகிராமிங் மொழியைப் பாடமாக எடுக்கும் சார், மேடம் எல்லோருக்கும் வணக்கம்.

"டெலிகேட் என்றால் என்ன?" என்று இரண்டு மார்க் கேள்வி வரும். "டைப் சேஃப் ஃபங்ஷன் பாயிண்டர்" என்று எழுதுவோம், மார்க் விழும். அதாவது, ஒரு மெத்தடை (ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டை) பிடித்து வைத்து, வேண்டும்போது அழைக்க உதவுவது. நானும் அப்படி எழுதிப் பாஸானவன்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு மருந்துக்கடை பில்லிங் புரோகிராமில் மாட்டிக்கொண்டேன். ஒரு பில் போட்டால் பிரிண்டரில் மூன்று வந்தது. கடைக்காரர் கோபப்படவில்லை, மிச்சத் தாளின் பின்பக்கத்தில் பாக்கிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

தப்பு என்னுடையது. பில் சேவ் ஆனதும் கிளம்பி, தன்னிடம் சேர்த்த மெத்தட்களையெல்லாம் அழைக்கும் ஸ்டாட்டிக் ஈவென்ட் (புரோகிராம் ஓடும்வரை இருப்பது) ஒன்று இருந்தது. பில் ஃபார்ம் திறக்கும்போதெல்லாம், பிரிண்ட் மெத்தடை அழைக்கும் ஒரு லாம்ப்டாவை (பெயரில்லாத குட்டி மெத்தடை) அதில் += போட்டுச் சேர்த்திருந்தேன். மூடும்போது எடுக்கவில்லை. காலையிலிருந்து மூன்று முறை ஃபார்மைத் திறந்திருக்கிறார், மூன்றும் வரிசையில் நின்றன. மூடிய ஃபார்ம்கள்கூட மெமரியை விட்டுப் போகவில்லை. ஈவென்ட்டில் சேர்வது டெலிகேட்தான். அது மெத்தடை மட்டுமா வைத்திருக்கிறது? அது எந்த ஆப்ஜெக்ட்டின் மெத்தட் என்பதையும் 'டார்கெட்' என்று பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடி இருக்கும்வரை, வேண்டாத மெமரியைக் காலி செய்யும் கார்பேஜ் கலெக்டர் அந்த ஆப்ஜெக்ட்டைத் தொடாது.

சரி என்று, மூடும் இடத்தில் அதே லாம்ப்டாவை எழுதி, சேர்த்ததை எடுக்கும் -= போட்டேன். அப்போதும் மூன்று பில். கண்ணுக்கு ஒரே வரிதான், ஆனால் இரண்டு இடத்தில் எழுதினால் இரண்டும் வேறு வேறு. எடுக்க ஒன்றும் கிடைக்காவிட்டால் -= எந்த எர்ரரும் காட்டாது, கமுக்கமாக இருந்துவிடும். கடைசியில் பெயருள்ள மெத்தடாக மாற்றிய பிறகுதான் பில் ஒன்றானது.

இதையெல்லாம் லேபில் செய்து பார்க்க ஒரு மணி நேரம் போதும். முதலில் மெத்தட் பெயரை மட்டும் டெலிகேட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் பெயருக்குப் பின்னால் () போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். முதலாவதில் மெத்தடே போகிறது. இரண்டாவதில் மெத்தட் அங்கேயே ஓடி, அது தரும் விடை போகப் பார்க்கிறது. வாய்ட் மெத்தடென்றால் (விடை எதுவும் தராதது) கம்பைலர் அங்கேயே தடுத்துவிடும். பிள்ளைகள் அதிகம் முழிப்பது இந்த இடத்தில்தான். இன்னொன்று: 2002-இல் வந்த சி ஷார்ப்பின் முதல் பதிப்பில் நியூ (new) என்ற சொல்லைப் போட்டு டெலிகேட்டை உருவாக்கியாக வேண்டும். 2005-இல் வந்த 2.0-விலிருந்து வெறும் பெயரே போதும். நான் படித்த நோட்ஸில் பழைய முறை மட்டுமே இருந்தது.

கேள்வித்தாளையும் கொஞ்சம் மாற்றுங்களேன். 10, 20, 30 என்று விடை தரும் மூன்று மெத்தட்களை += போட்டு ஒரே டெலிகேட்டில் சேர்த்து அழைத்தால் என்ன வரும்? 30 மட்டும்தான். நடுவில் உள்ளது எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) வீசினால் மூன்றாவது ஓடுமா? ஓடாது. மூன்றாவதை += இல்லாமல் வெறும் = போட்டுக் கொடுத்திருந்தால்? முந்தைய இரண்டும் காலி. ஈவென்ட் என்ற சொல்லை முன்னால் போட்டால், வெளியே இருக்கும் கிளாஸ் அப்படி = போட முடியாது. டெலிகேட்டுக்கும் ஈவென்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு கேள்வியிலேயே கேட்டுவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன் ஒருவன்