ஆர்க்கிட் பூவுக்குத் தூரிகை உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடித் தோட்டத்தில் ஆர்க்கிட் வளர்ப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். சட்டி, அடுப்புக்கரி, தேங்காய் மட்டை பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால், விதை வேண்டுமென்றால் பாகலுக்குச் செய்வதுபோல் மெல்லிய தூரிகையால் பூவின் உள்ளே தடவிவிட்டால் போதும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை நம்பிச் செய்தால் காய் பிடிக்காது. தன் மகரந்தம் தன் சூல்முடியில், அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண் பகுதியில், பட்டுவிடாதபடி அமைந்த பூ அது.

பூவின் நடுவில் விரல் நுனிபோல் நீண்டிருக்கும் தூணைப் பாருங்கள். மற்ற பூக்களில் தனித்தனியாக நிற்கும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இங்கே இணைந்து ஒரே தூணாகியிருக்கின்றன. அதன் நுனியில் ஒரு சின்னத் தொப்பி. தொப்பிக்குள் மகரந்தம் தூளாக இருப்பதில்லை. மெழுகுபோன்ற உருண்டைகளாகத் திரண்டிருக்கும். டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையில் நான்கு உருண்டை, ஃபெலனாப்சிஸ் என்ற வகையில் இரண்டு. தூரிகையில் ஒட்டுவதற்குத் தூள் ஏது? அதே தூணில், தொப்பிக்குச் சற்று உள்ளே, உதடுபோல் அமைந்த இதழைப் பார்த்தபடி பசை நிறைந்த குழி ஒன்று உண்டு. அதுதான் சூல்முடி. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு மடிப்பு திரைபோல் நிற்கிறது. ரோஸ்டெல்லம் என்பார்கள். அதுவும் ஒருகாலத்தில் சூல்முடியின் பகுதியாக இருந்து உருமாறியதே.

டென்ட்ரோபியம் போன்றவற்றில் தேனீ உள்ளே நுழையும்போது முதுகு முதலில் சூல்முடியைத் தொடுகிறது. வேறு பூவிலிருந்து கொண்டுவந்த உருண்டை அங்கே ஒட்டிக்கொள்ளும். பின்வாங்கி வெளியேறும்போதுதான் ரோஸ்டெல்லத்தில் உரசிப் பசை பூசிக்கொண்டு, இந்தப் பூவின் உருண்டைகளை எடுத்துப் போகிறது. அதற்குள் இந்தப் பூவின் சூல்முடியைத் தாண்டியாகிவிட்டது. இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்றால், ஒரு பூவின் மகரந்தம் முழுவதும் இந்தச் சில உருண்டைகளில்தான் இருக்கிறது. தன் குழியிலேயே அது விழுந்துவிட்டால் மகரந்தமும் போயிற்று, விதையாக வேண்டிய ஆயிரக்கணக்கான சூல்களும் போயின.

ஐரோப்பாவின் ஆர்க்கிஸ் மஸ்குலா என்ற ஆர்க்கிட் இன்னும் நுட்பமானது. டார்வின் 1862-இல் வெளியிட்ட நூலில் இதை விவரித்திருக்கிறார். கூர்மையான பென்சிலைப் பூவுக்குள் விட்டு எடுத்தால், மகரந்தத் திரள் அதன்மேல் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு வரும். அந்த நிலையில் அடுத்த பூவுக்குள் விட்டால் சூல்முடியில் படாது. சுமார் 30 விநாடியில் அதன் காம்பு முன்பக்கமாகச் சாய்ந்து படுக்கிறது. அப்புறம்தான் குறி சரியாக அமையும். அதற்குள் வண்டு வேறு செடிக்குப் போயிருக்கும். ஸ்பைராந்தஸ் என்ற ஆர்க்கிட் இனங்களில் பூங்கொத்து கீழிருந்து மேலாக மலர்கிறது. மேலே இருக்கும் இளம் பூக்களில் வழி குறுகல், மகரந்தத்தை எடுக்க மட்டும் முடியும். கீழே மூத்த பூக்களில் தூண் விலகிச் சூல்முடிக்கு வழி திறக்கிறது. தேனீ எப்போதும் கீழிருந்து ஏறுவதால், அயல் மகரந்தம் கீழே இறங்கும், புதிய சரக்கு மேலே ஏறும். உலகின் ஆர்க்கிட்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தேனே தராமல் ஏமாற்றுவதற்கும் இதில் தொடர்பு உண்டு. ஏமாந்த பூச்சி அதே கொத்தில் அடுத்தடுத்த பூக்களைச் சுற்றிக்கொண்டிருக்காமல் சீக்கிரம் பறந்துவிடும்.

விதிவிலக்கும் இருக்கிறது. ஐரோப்பாவின் ஒஃப்ரிஸ் ஏபிஃபெரா என்ற ஆர்க்கிட்டில் மகரந்தத் திரளின் காம்பு தானாகவே கீழே தொங்கி, காற்றில் ஆடி, தன் சூல்முடியில் ஒட்டிக்கொள்கிறது.

கையால் செய்வோர் இப்படிச் செய்யலாம். மலர்ந்து மூன்று நாள் கடந்த, வாடாத பூவாகத் தேர்ந்தெடுங்கள். காய்க்க வேண்டிய பூவின் தொப்பியையும் உருண்டைகளையும் முதலில் நீக்கிவிடுங்கள். பல் குத்தும் குச்சியின் நுனியை அதன் சூல்முடிப் பசையில் தொட்டுக்கொண்டு, தந்தைச் செடியின் பூவில் தொப்பியை அடியிலிருந்து மேல்நோக்கித் தூக்கினால் உருண்டை ஒட்டிக்கொண்டு வரும். அதைக் குழிக்குள் அழுத்திவிடுங்கள். கொத்துக்கு ஒரு காய், மிஞ்சினால் இரண்டு. ஒவ்வொரு பூவுக்கும் புதுக் குச்சி கட்டாயம். ஆர்க்கிட்டைத் தாக்கும் சிம்பிடியம் மொசைக் வைரஸ் சாற்றின் வழியே பரவும். தேதியும் இரு பெற்றோரின் பெயரும் எழுதிச் சீட்டுக் கட்டுங்கள்.

தந்தைச் செடி வேறு செடியாக இருக்க வேண்டும். பலர் தவறுவது இதில்தான். நர்சரியில் ஒரே பெயரில் வாங்கிய இரண்டு சட்டிகள் பெரும்பாலும் திசு வளர்ப்பில் வந்த ஒரே செடியின் நகல்கள். அவற்றைக் கலப்பதும் ஒரு பூவைத் தன்னோடு சேர்ப்பதும் ஒன்றே. டென்ட்ரோபியம் இனங்கள் பல தம் மகரந்தத்தை ஏற்பதில்லை. பூ வாடும், காய் சற்றுப் பருப்பதுபோலக்கூடத் தெரியும், பிறகு மஞ்சளாகி உதிரும். ஆர்க்கிட்டில் சூல்கள் முழுதாக உருவாவதே மகரந்தம் விழுந்த பிறகுதான். கருவுற வாரக்கணக்கில், சிலவற்றில் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே பூ வாடியதையோ காய் பருத்ததையோ வைத்து விதை உண்டென்று முடிவு செய்யக்கூடாது. விதை கிடைத்தாலும் மண்ணில் தூவிப் பயனில்லை. அதில் சேமிப்பு உணவு கிடையாது. துணைப் பூஞ்சையோ ஆய்வகக் குடுவையில் ஊட்டக்கூழோ வேண்டும்.

ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த வனிலா வேறு கதை. அது தன் மகரந்தத்தை ஏற்கும். தடுப்பது ரோஸ்டெல்லத் திரை மட்டுமே. 1841-இல் ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த 12 வயதுச் சிறுவன் எட்மண்ட் ஆல்பியஸ், மெல்லிய குச்சியால் அந்தத் திரையைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்தும் முறையைக் கண்டான். இன்றும் வனிலாத் தோட்டங்களில் அதுவே முறை. பூ ஒரு காலைப்பொழுது மட்டுமே விரிந்திருக்கும். நண்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். தவறிய பூ ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும்.

திருத்தம் வெளியிடும்போது தொப்பி, ரோஸ்டெல்லம், சூல்முடிக் குழி மூன்றையும் காட்டும் ஒரு படத்தையும் சேர்க்க வேண்டுகிறோம். பெரிதாக்கி எடுத்த ஃபெலனாப்சிஸ் பூவின் படம் ஒன்றே போதும்.

இப்படிக்கு,
ஆர்க்கிட் வளர்க்கும் வாசகர்கள் சிலர்,
ஏற்காடு