ஜன்னலைச் சொன்னீர்கள், பசையைச் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உலகின் முதல் ஜெட் பயணி விமானமான காமெட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால், காமெட்கள் நடுவானில் உடைந்ததைச் சொல்லி, 'சதுர ஜன்னல் வைத்துக் கெட்டவர்கள்' என்று ஒரே வரியில், அதைக் கட்டிய டி ஹாவிலாண்ட் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் கதையையே முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்தக் கம்பெனி விமானத்தில் கைவைத்து வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடம்பைப் பழுது பார்ப்பவனாக இருந்தவன். 1970-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் பக்கம் ஹக்கிம்பேட்டில் வேலை. அப்போது பயிற்சிக்கு டி ஹாவிலாண்டின் வேம்பயர் ஜெட்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் சார்ஜன்ட் ஒருவர் என்னைக் கூட்டிப்போய், விமானி உட்காரும் முன்பகுதியைக் காட்டி, "தட்டிப் பார்" என்றார். விரலை மடக்கித் தட்டினேன். டொக் டொக் என்றது. வீட்டுக் கதவைத் தட்டிய மாதிரியே இருந்தது. ஜெட் விமானத்தின் மூக்கு மரத்தால் ஆனது என்று அன்றைக்குத்தான் தெரியும். 1948-ல் நம் விமானப்படைக்கு வந்த முதல் ஜெட் அதுதான். அப்புறம் பெங்களூர் ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையிலேயே அதைக் கட்டவும் செய்தார்கள்.

ஜெட்டில் ஏன் மரம்? அதற்குப் பதில் தேடினால் அந்தக் கம்பெனியின் மொத்தக் கதையும் வந்துவிடும்.

ஜெஃப்ரி டி ஹாவிலாண்ட் தாத்தாவிடம் பணம் வாங்கி 1909-ல் முதல் விமானத்தைக் கட்டினார். இறக்கைத் துணியை அவர் மனைவி லூயிஸ் தைத்துக் கொடுத்தார். அது கிளம்பின வேகத்தில் விழுந்து நொறுங்கியது. அடுத்த வருடம் கட்டிய இரண்டாவது விமானம் பறந்தது. முதல் உலகப் போரில் வேறொரு கம்பெனிக்கு விமானம் வரைந்து கொடுத்துவிட்டு, 1920-ல் லண்டன் ஓரத்தில் ஸ்டாக் லேன் என்ற இடத்தில் தன் பெயரில் கடை போட்டார். போர் முடிந்து மிச்சமாகக் கிடந்த எட்டு சிலிண்டர் இன்ஜினில் பாதியை வைத்து, ஃபிராங்க் ஹால்ஃபோர்ட் என்ற பொறியாளர் நாலு சிலிண்டர் இன்ஜின் ஒன்றைத் தேற்றினார். அதை மாட்டி 1925-ல் பறந்ததுதான் 'மாத்', அதாவது அந்துப்பூச்சி. முதலாளிக்குப் பூச்சி சேகரிக்கும் பழக்கம் உண்டு. பெயர் அங்கிருந்து வந்தது. சொந்தமாக விமானம் ஓட்டலாம் என்ற ஆசையைக் கொஞ்சம் வசதியுள்ள வீடுகளுக்குள் கொண்டுபோனது இந்தப் பூச்சிதான். 1930-ல் ஏமி ஜான்சன் என்ற பெண் விமானி இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்தது இந்த வகை விமானத்தில். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஜே.ஆர்.டி. டாடா தபால் கொண்டுவந்ததும் அதே குடும்பத்தைச் சேர்ந்த 'புஸ் மாத்'தில்தான். அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். ஆக, டி ஹாவிலாண்ட் நமக்கும் ஒன்றும் தூரத்துச் சொந்தமில்லை.

இனி மரத்துக்கு வருகிறேன். இரண்டாம் போர் தொடங்கியபோது அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று கணக்குப் போட்டார்கள். சும்மா இருந்ததோ மரச்சாமான் பட்டறைகளும் தச்சர்களும். மரத்தில் குண்டுவீச்சு விமானம் செய்கிறேன், பாதுகாப்புக்குத் துப்பாக்கியே வேண்டாம், வேகம் போதும் என்று டி ஹாவிலாண்ட் போய் நின்றபோது அரசாங்கத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். 1940 நவம்பர் 25 அன்று 'மஸ்கிட்டோ' பறந்தது. அதன் உடம்பு எப்படி இருக்கும் என்றால், நடுவில் பால்சா, இரண்டு பக்கமும் மெல்லிய பிர்ச் பிளைவுட். பால்சாவைக் கையில் எடுத்தால் தெர்மாகோல் மாதிரி எடையே இருக்காது. ஆனால் இரண்டு பலகைக்கு நடுவே ஒட்டிவிட்டால் வளைக்கவே முடியாது. உடம்பை இடம் வலம் என்று இரண்டு பாதியாக, வேர்க்கடலை ஓடு மாதிரி அச்சின் மேல் ஒட்டி எடுப்பார்கள். மூடுவதற்கு முன்பே உள்ளே ஒயர், குழாய் எல்லாவற்றையும் பொருத்திவிடலாம். குறுகலான விமான உடம்புக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒயர் இழுத்தவனுக்குத்தான் அந்த யோசனையின் அருமை தெரியும். மொத்தம் 7,781 மஸ்கிட்டோக்கள் கட்டினார்கள்.

ஆனால் இதெல்லாம் நிற்பது பசையின் மேல். ஆரம்பத்தில் பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசையைப் போட்டார்கள். ஈரமும் புழுக்கமும் உள்ள ஊரில் பால் பொருள் என்ன கதி ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பிறகு செயற்கைப் பசைக்கு மாறினார்கள். அப்படியும் 1944-ல் இந்தியா, பர்மா பக்கம் வந்த மஸ்கிட்டோக்களில் சில ஆகாயத்திலேயே உடைந்தன. நம் ஊர் வெயிலும் மழையும் காரணம் என்றார்கள். பட்டறையில் ஒட்டும்போதே கட்டையும் பலகையும் சரியாக உட்காராமல் இடைவெளி விட்டதும் காரணம் என்றார்கள். என் அனுபவத்தில் இரண்டாவதுதான் எப்போதும் முதல் காரணம். சரி, அது இருக்கட்டும்.

மரத்தை ஒட்டிப் பழகியவர்களுக்கு அடுத்து உலோகத்தை ஒட்டினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. கேம்பிரிட்ஜ் பக்கம் டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி புரூய்ன் என்பவர் 1941-ல் 'ரெடக்ஸ்' என்ற பசையைக் கண்டுபிடித்தார். ஒரு திரவத்தைத் தடவி, அதன் மேல் பொடியைத் தூவி, சூடும் அழுத்தமும் கொடுத்தால் அலுமினியமும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். ஹார்னெட், டவ் என்று வரிசையாக டி ஹாவிலாண்ட் விமானங்களில் அது ஏறியது. இதில் லாபம் என்ன? தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் போட ஓட்டை வேண்டும். ஓட்டை இருந்தால் அதன் விளிம்பில் விரிசல் பிறக்கும். பசைக்கு ஓட்டையே வேண்டாம். இன்றைக்கு உலகம் முழுக்கப் பெரிய விமானங்களில் ஒட்டி உருவாக்கும் பாகங்கள் எத்தனை என்று பாருங்கள். தொடங்கி வைத்தவர்களில் முன்வரிசை இவர்கள்தான். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இப்போது காமெட். அது முதலில் பறந்தது 1949 ஜூலை 27. அன்று ஜெஃப்ரிக்குப் பிறந்த நாள். ஓட்டிய ஜான் கன்னிங்ஹாமுக்கும் அன்றே பிறந்த நாள். 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பயணிகளோடு கிளம்பியது. அந்த வருடமே கொழும்புக்கும் வந்துவிட்டது. சரியாக ஒரு வருடம் கழித்து, 1953 மே 2 அன்று, கல்கத்தாவிலிருந்து கிளம்பிய காமெட் புயல் மேகத்துக்குள் உடைந்து 43 பேர் போனார்கள். 1954 ஜனவரியில் எல்பா தீவருகே 35 பேர், ஏப்ரலில் நேப்பிள்ஸ் பக்கம் 21 பேர். அதோடு காமெட்டை நிறுத்திவைத்தார்கள்.

கேபினுக்குள் காற்றை அடைத்து அத்தனை உயரத்தில் பறக்கும்போது, ஒரு சதுர மீட்டர் தகட்டை உள்ளிருந்து ஏறக்குறைய 5.8 டன் தள்ளும். தகட்டின் கனமோ பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இங்கிலாந்தின் விமான ஆராய்ச்சி நிலையம் இருந்த ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட்டின் உடம்பைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். காற்று என்றால் வெடித்துச் சிதறிவிடும்; தண்ணீர் என்றால் கிழிந்த இடத்தில் கிழிந்தபடி நிற்கும். நிஜமாகப் பறந்தது, தொட்டியில் 'பறந்தது' இரண்டும் சேர்ந்து 3,057-வது தடவையில் ஒரு ஜன்னல் மூலையிலிருந்து கிழிந்தது. 'சதுர ஜன்னல்' பேச்சுக்கு வேர் இதுதான். ஆனால் எல்பாவில் விழுந்த விமானத்தின் துண்டுகளைக் கடலிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, விரிசல் தொடங்கிய இடம் பயணிகள் ஜன்னலே இல்லை. கூரையில் ரேடியோ திசைகாட்டிக்காக வெட்டிய திறப்பின் மூலையில், ஒரு ஓட்டையின் பக்கத்தில் தொடங்கியிருந்தது. இன்னொன்று, காமெட்டின் ஜன்னல் மூலைகள் வளைந்துதான் இருந்தன. வளைவு போதவில்லை, அவ்வளவுதான்.

டி ஹாவிலாண்ட்காரர்கள் சோதிக்காமல் விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. மாதிரிக் கேபின் ஒன்றைப் பதினாறாயிரம் தடவைக்கு மேல் ஊதி இறக்கிப் பார்த்திருந்தார்கள். சிக்கல் எங்கே என்றால், அதே மாதிரியை அதற்கு முன்பு இரண்டு மடங்கு அழுத்தத்தில் வைத்துப் பலம் பார்த்துவிட்டார்கள். அந்த ஒரு இழுப்பில் ஓட்டைகளைச் சுற்றியிருந்த உலோகம் நெளிந்து, இறுகி உட்கார்ந்துவிட்டது. அப்புறம் அந்த இடத்தில் விரிசல் லேசில் வராது. பயணிகளோடு பறந்த விமானங்களுக்கு அந்த இழுப்பு கிடைக்கவில்லை. நன்றாக இருக்க வேண்டும் என்று செய்த சோதனையே கண்ணை மறைத்தது. நான் இதை முதலில் கேட்டபோது இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தேன். விரிசலின் நுனியில் சின்ன ஓட்டை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்துவதை 'ஸ்டாப் டிரில்' என்போம். நானே எத்தனையோ போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த ஓட்டையையும் லென்ஸ் வைத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருத்திய காமெட் 4, 1958 அக்டோபர் 4 அன்று அட்லாண்டிக்கைப் பயணிகளோடு தாண்டிய முதல் ஜெட் ஆனது, போயிங் 707-ஐச் சில வாரம் முந்திக்கொண்டு. ஆனால் வாங்குகிறவர்கள் போயிங் பக்கம் போய்விட்டார்கள். 1960-ல் ஹாக்கர் சிட்லி என்ற வேறொரு கம்பெனி டி ஹாவிலாண்டை வாங்கியது. அப்புறம் பெயரும் மறைந்தது. இவர்கள் வரைந்த ட்ரைடன்ட் விமானம்தான் 1965-ல் பயணிகளோடு தானாகத் தரையிறங்கியது. கனடா கிளையின் வழிவந்த விசிறி விமானங்களில் நம் வாசகர்களில் பலரும் தூத்துக்குடிக்குப் போயிருப்பீர்கள்.

எல்பா காமெட்டின் அந்தக் கூரைத் துண்டு லண்டன் சயன்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. அந்த ஊரில் வேலை பார்க்கும் என் மகளைப் போகச் சொல்லிப் படம் எடுத்து வாங்கினேன். "அப்பா, இதுல ஜன்னலே இல்லையே" என்றாள். படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இடமிருந்தால் போடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
குரோம்பேட்டை, சென்னை.