மெர்சியாவின் கடைசி அரசருக்கு நியாயம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான, இடைக்கால இங்கிலாந்தின் சிறு நாடுகளை ஆண்ட ஆங்கிலோ-சாக்சன் அரசர்கள் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். வெஸ்ஸெக்ஸ் அரசர் ஆல்ஃபிரடுக்கு நான்கு பக்கங்களை ஒதுக்கிய கட்டுரையாளர், எட்டாம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தின் பெரும்பகுதியைத் தன் மேலாதிக்கத்தில் வைத்திருந்த மெர்சியா நாட்டை ஒரே பத்தியில் முடித்துவிட்டு, அதன் கடைசி அரசரான இரண்டாம் சியோல்வுல்ஃபை, கடல்வழி படையெடுத்து வந்த வைக்கிங்குகளான டேனியரின் கைப்பாவை என்று எழுதியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது. முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டு வாளாவிருக்க முடியவில்லை.

மெர்சியர் தம் அரசர்களைப் பற்றி எழுதி, இன்று நமக்குக் கிடைப்பவை மிகக் குறைவு. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை அவர்களோடு போரிட்ட நாடுகளில் எழுதப்பட்டவை. ஏழாம் நூற்றாண்டின் மெர்சிய அரசர் பெண்டாவைப் பற்றி விரிவாகச் சொல்பவர், வடக்கே இருந்த நார்தம்பிரியா நாட்டின் துறவி பீட். அந்நாட்டு அரசர்களான எட்வினை 633-இல் வேல்ஸ் அரசர் காட்வாலனோடு சேர்ந்தும், ஆஸ்வால்டை 642-இலும் போர்க்களத்தில் வீழ்த்தியவர் பெண்டா. ஆயினும், தன் நாட்டில் கிறிஸ்தவ சமயம் போதிக்கப்படுவதை அவர் தடுக்கவில்லை என்பதைப் பீட் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். அந்த நேர்மை பிற்கால வெஸ்ஸெக்ஸ் எழுத்தர்களிடம் இல்லை.

757 முதல் 796 வரை ஆண்ட மெர்சிய அரசர் ஆஃபாவை நமக்கு நெருக்கமாகக் காட்டுபவை நூல்களைவிட நாணயங்களே. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய பொற்காசு, அப்பாசிய கலீபா அல்-மன்சூரின் தினாரைப் பார்த்து அடிக்கப்பட்டது. அரபு வரிகளை நேராக வைத்துப் பார்த்தால், அவற்றின் நடுவே லத்தீன் எழுத்தில் பொறித்த ‘ஆஃபா ரெக்ஸ்’ தலைகீழாகத் தெரியும். அச்சை வெட்டிய கைவினைஞருக்கு அரபு படிக்கத் தெரியவில்லை என்பது அதிலிருந்தே விளங்கும். ஆஃபாவின் அரசி கினத்ரித்தின் பெயரிலும் வெள்ளிக் காசுகள் வெளிவந்தன. ஆங்கிலோ-சாக்சன் அரசிகளுள் இந்தச் சிறப்பு அவர் ஒருவருக்கே உண்டு.

இனி சியோல்வுல்ஃப். 874-இல் டேனியர் மெர்சிய அரசர் பர்கிரெடை நாட்டைவிட்டுத் துரத்தினர். அவர் ரோமுக்குச் சென்று அங்கேயே மறைந்தார். அதன்பின் ஆட்சி ‘அறிவற்ற ஓர் அரச ஊழியனிடம்’ ஒப்படைக்கப்பட்டதாக ஆங்கிலோ-சாக்சன் காலவரிசைக் குறிப்பு கூறுகிறது. ஆல்ஃபிரடின் ஆட்சிக் காலத்தில் வெஸ்ஸெக்ஸில் தொகுக்கப்பட்ட நூல் அது. கட்டுரையாளர் அதன் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

2015-இல் ஆக்ஸ்ஃபர்டுஷரின் வாட்லிங்டன் அருகே ஒரு புதையல் கிடைத்தது. அதிலிருந்த சுமார் 200 காசுகளில் ஆல்ஃபிரடின் காசுகளும் சியோல்வுல்ஃபின் காசுகளும் கலந்திருந்தன. அவற்றுள் ஒரு வகையின் பின்புறத்தில், பழைய ரோமானியப் பொற்காசின் பாணியில், இரு பேரரசர்கள் அருகருகே அமர்ந்திருக்க, அவர்களுக்கு மேலே சிறகு விரித்த உருவம் ஒன்று நிற்கிறது. இதே வடிவத்தை இரு அரசர்களும் தத்தம் பெயரில் வெளியிட்டிருக்கிறார்கள். அதற்கு முன் இவ்வகையில் இரண்டே காசுகள்தான் அறியப்பட்டிருந்தன என்பதால், அவற்றை ஒரு தற்செயலாகக் கருதி ஒதுக்க இடமிருந்தது. இப்போது அந்த இடமில்லை. டேனியரிடம் சியோல்வுல்ஃப் பிணையாளிகளைக் கொடுத்ததும், 877-இல் அவர்கள் மெர்சியாவைப் பங்கிட்டுக்கொண்டதும் உண்மைதான். ஆனால், ஆல்ஃபிரட் தமக்கு நிகராக வைத்து நாணயம் வெளியிட்ட ஒருவரை வெறும் கைப்பாவை என்று எப்படிச் சொல்வது?

ஆல்ஃபிரடின் மகளும் மெர்சியரின் தலைவியுமான எத்தல்ஃபிளெட் கட்டுரையில் இடம்பெறவே இல்லை. அவர் 917-இல் டெர்பியைக் கைப்பற்றியதும், 918-இல் லெஸ்டர் போரின்றிப் பணிந்ததும், அவர் மறைந்த பிறகு அதே ஆண்டில் அவருடைய மகள் எல்ஃப்வின் அதிகாரம் பறிக்கப்பட்டு வெஸ்ஸெக்ஸுக்குக் கொண்டு செல்லப்பட்டதும், மெர்சியர் எழுதிவைத்த சில வரிக் குறிப்புகள் தப்பிப் பிழைத்ததால்தான் நமக்குத் தெரிகின்றன.

எனவே, சியோல்வுல்ஃப் பற்றிய வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறும், எத்தல்ஃபிளெட் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றைக் கட்டுரையாளரிடமே கேட்டுப் பெறுமாறும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.