சிட்டாவில் பெயர் ஏறாமல் நெல்லுக்குக் காசு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டெல்டாவில் நடவும் களையெடுப்பும் பெண்கள் கையில். நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவான சிட்டாவில் மட்டும் அவர்கள் பெயர் இருப்பதில்லை. கணவர் இறந்த பிறகுதான் இதன் வலி தெரிகிறது. சம்பா அறுத்து அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் கொட்டியாகிவிடும். ஈரப்பதமும் 17 சதவீதத்துக்குள் இருக்கும். ஆனால் சிட்டா இறந்தவர் பெயரில், வங்கிப் புத்தகம் மனைவி பெயரில் என்றால் பதிவு சிக்கிக்கொள்கிறது. தை மாதப் பனியில் தார்ப்பாய் போட்டு இரண்டு நாள் காத்துக் கிடந்துவிட்டு, வியாபாரி கேட்ட விலைக்கே கொடுத்துவிடுகிறார்கள். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனும் பயிர்க் காப்பீடும் இதே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன.

இறப்புச் சான்று வாங்கிய கையோடு இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு மனுப் போட வேண்டும். கட்டிக்கொடுத்த மகளையும் இறந்தவரின் தாயையும் விட்டுவிட்டு எழுதுவதுதான் பெரிய தவறு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மக்களோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அவருடைய வாரிசுச் சான்றும் தேவைப்படும். பிறகு பட்டா மாறுதல் மனு. கூட்டுப் பட்டாதான் முதலில் கிடைக்கும். தனிப் பட்டா வேண்டுமென்றால் பாகப்பிரிவினை பதிந்து, சர்வேயர் அளந்து, உட்பிரிவு ஆக வேண்டும். ஆதாரில் ‘கலைச்செல்வி’, பட்டாவில் ‘கலைசெல்வி’ என்றால் அன்றே திருத்திவிடுங்கள். ஒற்றை ‘ச்’ காப்பீட்டுப் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்.

மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் தமிழ்நாடு 1989லேயே பங்கு தந்தது, அதற்கு முன் மணமானவர்களைத் தவிர்த்து. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இருந்தும் ‘சீர் செய்தாச்சே’ என்று சொல்லி, கருமாதி முடிந்த சூட்டோடு, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். பதிந்த பிறகு மனம் மாறினால் நீதிமன்றப் படிதான் ஏற வேண்டும். படித்துப் பார்க்காமல் எந்தப் பெண்ணும் கையெழுத்துப் போடக் கூடாது.

பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் அரசு நடைமுறைப்படுத்தியது. நல்லதுதான். ஆனால் நிலம் வாங்க வழியில்லாத விதவைக்கு அதனால் என்ன பயன்? இறப்புப் பதிவானதுமே பட்டா மாறுதலைக் கிராம நிர்வாக அலுவலர் தாமே தொடங்க வேண்டும். மாறும்வரை வாரிசுச் சான்றையும் மற்ற வாரிசுகளின் ஒப்புதலையும் வைத்துக் கொள்முதல் நிலையங்கள் நெல்லை எடுக்க வேண்டும். சம்பா காப்பீட்டுப் பதிவு வழக்கமாக நவம்பர் நடுவில் முடிவதால், இதற்கான முகாம்களை ஐப்பசி பிறக்கும் முன்பே ஊர்தோறும் நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருத்துறைப்பூண்டி.