செந்திலுக்கு ஒரு ராத்திரி போதும்

சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். நீ, அத்தான், அம்மா, பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியமா? உன் லெட்டர் வந்து நாளாச்சு. சீனப் புத்தாண்டுக் கூட்டத்தில் பேனா எடுக்க நேரமில்லை, கோவிச்சுக்காதே. கல்யாணம் முடிஞ்சு இங்கே வந்தால் எந்த ஹோட்டலில் தங்கலாம்னு செந்தில் கேட்டதுக்கு வாட்ஸப்பில் பதில் போட்டால் பாதியைத்தான் படிப்பான். அதான் காகிதத்தில் எழுதறேன்.

நாலு ராத்திரியும் மெரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலில்தான் தங்கணும்னு நிக்கிறானாம். ஒரு ராத்திரி தங்கட்டும். நாலு வேண்டாம். அங்கே கொடுக்கிற காசெல்லாம் 57ஆம் மாடி நீச்சல் குளத்துக்குத்தான். ஏறக்குறைய 150 மீட்டர் நீளம், அறை எடுத்தவங்களை மட்டும்தான் விடுவாங்க. மெத்தை, தலையணை, குளியலறை எல்லாம் பாதி விலை ஹோட்டலிலும் கிட்டத்தட்ட இதேதான். நாள் பூரா விரிப்பு மாத்துற கை சொல்லுது, நம்பலாம். மேலேயிருந்து ஊரைப் பார்த்தால் போதும்னா பார்வைத் தளத்துக்குத் தனி டிக்கெட் இருக்கு, ஆனா அதை வச்சுக் குளத்துக்குள்ள போக முடியாது. ராத்திரி கரையில் நடக்கிற தண்ணீர், விளக்குக் காட்சிக்குக் காசே கிடையாது.

குளத்துக்கு விடிகாலையில் போகச் சொல்லு. வெயில் ஏறினால் செல்ஃபிக் கூட்டத்தில் தண்ணியே தெரியாது. நீச்சல் உடை வாங்கிக்கிட்டு வரட்டும், காட்டன் சட்டை போட்டு இறங்க விடமாட்டாங்க. மாலை 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும், மறுநாள் 11 மணிக்குக் காலி பண்ணணும். சீக்கிரம் வந்துட்டா பெட்டியை வாசலில் ஒப்படைச்சுட்டு ஊர் சுத்தலாம். அறைக்குப் போனதும் பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னாடி, பக்கத்து அறைக்குப் போற கதவு இருக்கான்னு பார்க்கணும். அந்தக் கதவு எவ்வளவு கனமா இருந்தாலும் அடுத்த அறை டிவி அடிச்சட்டத்து இடுக்கு வழியா வந்துடும். இருந்தால் உடனே மாத்தித் தரச் சொல்லணும், கட்டிலில் படுத்துப் புரண்டுட்டுப் போய்க் கேட்டால் மூஞ்சியைச் சுளிப்பாங்க. புக் பண்றப்பவே ஒரே பெரிய கட்டில்னு எழுதணும். இல்லேன்னா ரெண்டு ஒத்தைக் கட்டிலைச் சேர்த்துப் போட்டு வைப்பாங்க, நடுவில் பள்ளம் விழும். புதுசா கல்யாணம் ஆனவனுக்கு அது எதுக்கு?

விலையில் இன்னொண்ணு இருக்கு. விலைக்குப் பக்கத்தில் ரெண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அது முழு விலை இல்லை. 500 டாலர்னு போட்டிருந்தால் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 550, அதுக்கு மேல ஒன்பது சதவீதம் வரி, ஆக 599.50. கார்டில் முன்பணமும் பிடிச்சு வைப்பாங்க. டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் திரும்ப நாளாகும், கிரெடிட் கார்டு கொடுக்கட்டும். ரூபாயில் கட்டறீங்களான்னு கேட்டால் வேண்டாம், டாலரிலேயேன்னு சொல்லணும், ரூபாயில் கட்டினா மாற்று விலையில் அடிச்சுடுவாங்க. குளிர்பெட்டியில் இருக்கிற பாட்டிலைத் தொட வேண்டாம். சில இடத்தில் தூக்கினாலே கணக்கில் ஏறிடும். குழாய்த் தண்ணியே இங்கே குடிக்கலாம்.

பழைய ஹோட்டல் ராஃபிள்ஸும் கேட்டிருக்கான். 1887இல் திறந்தது, அறையெல்லாம் தனி வரவேற்பறையோடு இருக்கிற சூட்தான், வாசலில் தலைப்பாகை கட்டின சர்தார்ஜி நிப்பார். தங்கறதைவிட அங்கே இருக்கிற லாங் பாரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டு வரலாம். வேர்க்கடலை தின்னு தோலைத் தரையிலேயே போடறது அங்கே வழக்கம். சிங்கப்பூர் ஸ்லிங்னு ஒரு சரக்கு தருவாங்க (அத்தான் இந்த வரியைப் படிக்க வேண்டாம்). ராஃபிள்ஸ் பிளேஸ் ஸ்டேஷனில் இறங்கித் தேடினால் ஹோட்டல் இருக்காது, சிட்டி ஹால் ஸ்டேஷன்தான்.

என்னைக் கேட்டால் காசு செரிக்கிறது ஃபுல்லர்ட்டனில். 1928இல் கட்டின கட்டடம், பெரிய தபாலாபீஸாக இருந்தது, 2001இல் ஹோட்டலாச்சு. கனத்த தூண், ஆற்றங்கரை. ஒரே ஒரு எச்சரிக்கை: விலை குறைஞ்ச அறைகளில் சில, ஜன்னல் திறந்தால் உள்முற்றத்தைப் பார்க்கும். ஆறு தெரியற அறையான்னு கேட்டு எடுக்கணும். கார் பந்தய வாரத்தில் மட்டும் வரவே வேண்டாம், எல்லா ஹோட்டலும் யானை விலை சொல்லும்.

மிச்ச மூணு ராத்திரிக்குத் தேக்காவில், அதான் நம்ம ஆளுங்க கடை நிறைஞ்ச லிட்டில் இந்தியாவில், சின்ன ஹோட்டல் பார்த்துத் தர்றேன். காலைச் சாப்பாடும் அங்கேயே, பெரிய ஹோட்டல் பஃபேக்குக் கொடுக்கிற காசில் ரெண்டு பேரும் நாள் பூரா சாப்பிடலாம். என் அறையில் தங்க வைக்க முடியாது, வீட்டுக்காரர் ரொம்பக் கண்டிப்பு. எதிர்வீட்டுச் சீனப் பாட்டியைத்தான் அவனுக்குக் காட்டணும். லிஃப்டில் பார்க்கிறப்பெல்லாம் ஹோட்டல் நிறைஞ்சிருக்கான்னு விசாரிக்கும். இல்லைன்னு சொன்னால் நாடே திவாலான மாதிரி தலையில் கை வச்சுக்கும்.

சாப்பாட்டுக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்பது வகைப் பதார்த்தம் கண் முன்னாடி போகுது. ஆனா ராத்திரி பத்து மணிக்கு வாய் கேக்கறது பழைய சோறும் அம்மா போட்ட நார்த்தங்காயும்தான். செந்திலிடம் ஒரு டப்பா கொடுத்தனுப்பு. எண்ணெய் ஒழுகாமல் ரெண்டு பை போட்டுக் கட்டு. போனில் நம்ம மாடு கத்தறது கேட்டுச்சே, அது சிவலைதானே? அன்னிக்கு அப்புறம் தூக்கமே வரலை.

இந்த மாசப் பணம் இருபதாம் தேதிக்கு மேலதான் வரும், பேங்கில் ஏதோ மாத்தறாங்களாம். வேற ஒண்ணும் இல்லை. அம்மா கண் ஆபரேஷனை அதுக்காகத் தள்ளிப் போடாதே, அத்தானை முதலில் கட்டச் சொல்லு. சித்தப்பா வரப்பை அளக்க வந்தால் சர்வேயர் இல்லாமல் கல் நட விடாதே. பட்டா நகல் மர பீரோவில் மேல்தட்டில், எல்.ஐ.சி. கவருக்குள்ள இருக்கு. அதைச் சித்தப்பா கையில் கொடுக்காதே, ஜெராக்ஸ் மட்டும் கொடு.

அன்புத் தம்பி,
முருகேசன்

பி.கு.: செந்தில் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாசமாவது ஆயுசு இருக்கான்னு பாரு. விசாவோடு, வர்றதுக்கு மூணு நாளுக்குள்ள ஆன்லைனில் வருகை அட்டை போடணும். அது இலவசம், காசு கேக்கிற தளம் எதுவும் அசல் இல்லை.